மூன்று மதிப்பெண்ணில் போன 40 கோடி டாலர்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய அத்தியாயம்.

அவள் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறாள். தொகுப்பூதிய வேலை. பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளின் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போய்ச் சொல்லிக்கொடுப்பாள். சில நாள் கூடவே இயன்முறை மருத்துவரும் போவார். இந்த வேலையெல்லாம் 'சமக்ர சிக்ஷா' என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருகிறது. ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு போட்டு நடத்தும் திட்டம். அந்த 60 சதவீதம் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும், தினம் செய்தியில் ஓடியது.

அன்று முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "சித்தி, நீங்க இருந்த அமெரிக்காவுலயும் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்க இப்படித்தான் கண்டிஷன் போடுவாங்களா?"

"ஆமாம்டி, அங்கேயும் இதே கதைதான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தால், நான் சொன்னது பாதிதான் சரி. அங்கே நடந்தது வேறு, இங்கே நடப்பது வேறு. அந்த வித்தியாசம் சின்னது மாதிரி தெரியும், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களை 2010ஆம் வருஷத்து நியூ ஜெர்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நானும் கைதட்டினேன்

அப்போது நாங்கள் எடிசன் பக்கம் குடியிருந்தோம். ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி மாவு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும், உங்களில் பலருக்குத் தெரிந்த இடம்தான். மகள் இரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அங்கே அரசுப் பள்ளி என்றால் பக்கத்து வீட்டு டாக்டர் பிள்ளையும் அங்கேதான் படிக்கும்.

2008 இறுதியில் பொருளாதாரம் சரிந்தது ஞாபகம் இருக்கும். 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தின் மொத்த மதிப்பு 78,700 கோடி டாலர். அதில் ஒரு சின்னத் துண்டு, 435 கோடி டாலர், கல்விக்கான ஒரு போட்டிக்காக ஒதுக்கப்பட்டது. பெயர் 'ரேஸ் டு தி டாப்'. உச்சியை நோக்கி ஓட்டப்பந்தயம். கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன். அதுவரை ஒன்றிய அரசின் கல்விப் பணத்தில் பெரும்பகுதி ஒரு சூத்திரத்தின்படி போகும்: எந்த மாநிலத்தில் எத்தனை ஏழைக் குழந்தைகள், அதற்கு ஏற்ற பணம். இந்தப் புதுப் பணம் அப்படி இல்லை. மாநிலங்கள் விண்ணப்பம் எழுத வேண்டும். ஐந்து மதிப்பீட்டாளர்கள் படித்து 500க்கு மதிப்பெண் போடுவார்கள். மேலே வருபவர்களுக்குத்தான் பணம்.

நான் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நுழைவுத் தேர்வு எழுதி, ரேங்க் வாங்கி, அந்த ரேங்க்கால் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. "நல்லா செய்றவனுக்குக் கொடு, அப்பதான் மத்தவனும் செய்வான்" என்று வீட்டில் வாதாடியிருக்கிறேன். இன்றைக்கு எதிர்ப்பக்கம் பேசுகிறேன் என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த 500 மதிப்பெண் எதற்கெல்லாம் என்று பார்த்தால்தான் அதன் அரசியல் புரியும். ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் என்ற பகுதிக்கு மட்டும் 138. அதற்குள், மாணவர் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து ஆசிரியரை மதிப்பிடும் முறைக்கு 58. மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கும் பொதுப் பாடத்தரத்தை ஏற்பதற்கு 40. சார்ட்டர் பள்ளிகளுக்கு, அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளுக்கு, வழிவிடுவதற்கு இன்னொரு 40. இதற்கெல்லாம் முன்னால் வாசலிலேயே ஒரு நிபந்தனை: மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்க மாநிலச் சட்டத்தில் தடை இருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது.

அமெரிக்க அரசியலமைப்பில் பள்ளிக் கல்வி என்பது மாநிலத்தின் வேலை. வாஷிங்டன் நேரடியாக உத்தரவு போட முடியாது. உத்தரவு போட முடியாத இடத்தில் பரிசு அறிவித்தார்கள்.

பரிசு கொடுக்காமலேயே வாங்கியது

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

ஒரு டாலர்கூட யாருக்கும் கொடுப்பதற்கு முன்பே மாநிலங்கள் சட்டத்தை மாற்றத் தொடங்கின. கலிஃபோர்னியாவில் மாணவர் மதிப்பெண்ணையும் ஆசிரியர் மதிப்பீட்டையும் பிரித்து வைத்த தடையை 2009 அக்டோபரிலேயே நீக்கினார்கள். விஸ்கான்சினும் நெவாடாவும் பின்னாலேயே வந்தன. டென்னசியில் ஆளுநர் ஃபில் பிரெடெசன் 2010 ஜனவரியில் சிறப்புக் கூட்டத்தொடரே கூட்டி, ஆசிரியர் மதிப்பீட்டில் பாதி மாணவர் அடைவை வைத்து என்று சட்டம் போட்டார். கொலராடோ 2010 மே மாதம் அதே மாதிரி ஒரு சட்டத்தைப் பெரும் சண்டைக்கு நடுவே நிறைவேற்றியது.

முதல் சுற்றில் 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விண்ணப்பித்தன. 2010 மார்ச்சில் முடிவு வந்தது. ஜெயித்தது இரண்டே மாநிலம்: டெலவேர், டென்னசி. டென்னசிக்கு 50 கோடி டாலர். ஆகஸ்டில் இரண்டாம் சுற்று: ஒன்பது மாநிலங்கள், கூட வாஷிங்டன் நகரம். கொலராடோ அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியா இல்லை. விஸ்கான்சின் இல்லை. நெவாடாவும் இல்லை.

ஆனால் அவர்கள் போட்ட சட்டம் இருக்கிறது இல்லையா? அது அப்படியே நின்றது. தோற்றவர்களிடமிருந்தும் சட்டம் வாங்கியாயிற்று, பணம் கொடுக்க வேண்டியதில்லை. வில்லியம் ஹோவெல் என்ற அரசியல் அறிஞர் பின்னால் இதை ஆராய்ந்தபோது, ஜெயித்தவர்கள் மட்டுமல்ல, தோற்ற மாநிலங்களும் கலந்துகொள்ளாத மாநிலங்களும்கூட அந்த வருஷங்களில் இதே வகைச் சீர்திருத்தச் சட்டங்களை வேகமாக இயற்றியதைக் காட்டினார். அரசியல் தந்திரம் என்று பார்த்தால் அசாத்தியம். அமெரிக்கா பள்ளிக் கல்விக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 60,000 கோடி டாலர் செலவு செய்த காலம் அது. அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத தொகையைக் காட்டி நாடு முழுக்கச் சட்டப் புத்தகத்தை மாற்ற வைத்தார்கள்.

ஏன் மாற்றினார்கள்? பசி. அது பஞ்ச வருஷம். மாநில வருமானம் விழுந்து கிடந்தது, ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஹவாயில் காசில்லாமல் அந்தக் கல்வியாண்டில் 17 வெள்ளிக்கிழமைகளுக்குப் பள்ளியையே மூடினார்கள். அதே ஹவாய் போட்டியில் ஜெயித்தது என்பது வேறு விஷயம். வயிறு நிறைந்தவனிடம் போட்டி வைத்தால் அது போட்டி. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி ஓடச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

எங்கள் மாநிலத்துக் கதை

இப்போது நியூ ஜெர்சிக்கு வருகிறேன்.

2010 ஜனவரியில் கிறிஸ் கிறிஸ்டி ஆளுநரானார். மார்ச் பட்ஜெட்டில் பள்ளிகளுக்கான மாநில உதவியில் 82 கோடி டாலரை வெட்டினார். அங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பகுதி உள்ளூர் சொத்து வரி. மாநில உதவி குறைந்தால் ஒன்று வரி ஏற வேண்டும், இல்லை ஆள் குறைய வேண்டும். அந்த ஏப்ரலில் மாநிலம் முழுக்கப் பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் வாக்காளர்கள் பள்ளிப் பட்ஜெட்டை நிராகரித்தார்கள். அப்போது அங்கே பள்ளிப் பட்ஜெட்டுக்கே ஓட்டெடுப்பு இருந்தது. நாங்கள் விசாவில் இருந்தவர்கள், ஓட்டு கிடையாது. ஆனால் கூட்டத்தில் போய்ப் பேசலாம், ஒருவருக்கு மூன்று நிமிஷம். நான் பேசினேன். எங்கள் வரியும் அதில் இருக்கிறது, எங்கள் குழந்தையும் அதில் இருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஒரு பெரியவர் கை தட்டினார், அவ்வளவுதான்.

மகள் பள்ளியில் நூலக ஆசிரியைக்குப் பாதி வேலை என்று ஆக்கினார்கள். வகுப்பு உதவியாளர்கள் சிலர் போனார்கள். வாராவாரம் நூலகத்துக்குப் போன குழந்தைகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனார்கள். பெற்றோர் யாராவது வந்து புத்தகம் அடுக்கித் தர முடியுமா என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போனேன். ஒரு பையன் டைனோசர் புத்தகம் இன்னொன்று வேண்டும் என்று கேட்டான். ஒரு புத்தகம்தான் எடுக்கலாம், அடுத்தது இரண்டு வாரம் கழித்து என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வயசுக் குழந்தைக்கு இரண்டு வாரம் என்பது ஒரு யுகம்.

இந்த நேரத்தில்தான் ரேஸ் டு தி டாப் இரண்டாம் சுற்று. நியூ ஜெர்சி கேட்டது 40 கோடி டாலர். மாநிலக் கல்வி ஆணையர் ப்ரெட் ஷண்ட்லர் ஆசிரியர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார். சங்கத்தின் கையெழுத்து இருந்தால் மதிப்பெண் கூடும். ஆனால் ஆளுநர் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. கெடு முடிய சில நாளே இருக்கும்போது, ஒரு நீண்ட வார இறுதியில் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதி, ஜூன் 1ஆம் தேதி கொடுத்தார்கள். ஆயிரம் பக்கத்துக்கும் மேலான விண்ணப்பம்.

அதில் ஒரு கேள்வி: மாநில வருவாயில் கல்விக்குப் போன பங்கு 2008ஐவிட 2009இல் குறையாமல் இருந்ததா? ஐந்து மதிப்பெண் கேள்வி. அவசரத்தில் எழுதியவர்கள் 2008, 2009க்குப் பதிலாக 2010, 2011 கணக்கைக் கொடுத்துவிட்டார்கள். 4.8 மதிப்பெண் போயிற்று.

ஆகஸ்ட் 24ஆம் தேதி முடிவு வந்தது. பத்து வெற்றியாளர்களில் கடைசி ஓஹையோ, 440.8. பதினோராவது இடத்தில் நியூ ஜெர்சி, 437.8. மூன்று மதிப்பெண்ணில் 40 கோடி டாலர் போனது.

மறுநாள் ஆளுநர் வாஷிங்டன் அதிகாரிகளைத் திட்டினார்: நேர்காணலில் சரியான எண்ணை நம்மவர்கள் சொன்னார்கள், அவர்கள்தான் ஏற்கவில்லை என்றார். ஒன்றியக் கல்வித் துறை அந்த நேர்காணலின் வீடியோவை வெளியிட்டது. கேள்வி கேட்கப்படுகிறது, நியூ ஜெர்சிக் குழுவிடம் எண் இல்லை. அந்த வாரமே ஷண்ட்லர் பதவி நீக்கப்பட்டார்.

பத்திரிகைகள் முழுக்க அந்தத் தப்பைப் பற்றித்தான் எழுதின. யார் தட்டச்சு செய்தது, யார் சரிபார்த்தது. எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்தக் கேள்வி 2008ஐயும் 2009ஐயும் மட்டுமே கேட்டது. 2010இல் வெட்டப்பட்ட 82 கோடி டாலர் அந்த ஐந்து மதிப்பெண்ணின் கணக்கிலேயே வராது. பழைய எண்ணைச் சரியாக எழுதியிருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து 82 கோடியை எடுத்த அதே வருஷத்தில், பள்ளிக்கூடத்துக்காக 40 கோடி பரிசு வாங்கியிருப்பார்கள். ஆக, அந்த மூன்று மதிப்பெண் விண்ணப்பம் எழுதிய வேகத்தை அளந்தது, வருஷத்தைச் சரிபார்த்தார்களா என்று அளந்தது. டைனோசர் புத்தகத்துக்காக நின்ற பையன் எங்கே தோற்றான்? அவன் எந்தத் தேர்வையும் எழுதவில்லையே!

அதற்கு அடுத்த வருஷம், 2011 மே மாதம், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏழை ஊர்களின் 31 பள்ளி மாவட்டங்களுக்கு மாநிலம் இன்னும் 50 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று. 'அபோட்' வழக்கு என்பார்கள், 1980களிலிருந்து நடந்து வருவது. ஏழை ஊர்க் குழந்தைக்கும் முழுமையான கல்வி அரசியலமைப்புப்படி கடமை என்ற அடிப்படை. போட்டி 40 கோடியைக் கொடுக்காமல் விட்டது. உரிமை 50 கோடியைக் கொடுக்க வைத்தது. எனக்கு மனசு மாறியது அந்த மே மாதம்தான்.

ஜெயித்தவர்களுக்கு என்ன ஆச்சு?

நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா? ஜெயித்த இடங்களில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2013 தேசிய அடைவுத் தேர்வில் டென்னசியும் வாஷிங்டன் நகரமும் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறின. பரிசுத் தொகையில் பாதி ஏழைக் குழந்தைகள் எண்ணிக்கை சூத்திரப்படிதான் பள்ளி மாவட்டங்களுக்குப் போக வேண்டும் என்ற விதியும் இருந்தது. அது நல்ல விதி.

ஆனால் அதே டென்னசியில், தேர்வு இல்லாத பாடம் நடத்தும் ஓவிய ஆசிரியருக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் எப்படி மதிப்பெண் போடுவது என்று சிக்கல் வந்தது. பள்ளி முழுவதின் கணக்கு, ஆங்கில மதிப்பெண்ணை அவர்கள் தலையில் வைத்தார்கள். நீங்கள் வரையச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், பக்கத்து வகுப்பு கணக்கில் எவ்வளவு வாங்கியது என்பதை வைத்து உங்களுக்குத் தரம்! நியூயார்க் 70 கோடி டாலர் ஜெயித்த மாநிலம். அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் ஒரு வருஷம் 20க்கு 14 வாங்கினார், அடுத்த வருஷம் 20க்கு 1. மாணவர்களின் தேர்ச்சியில் பெரிய மாற்றமில்லை. அவர் வழக்குப் போட்டார். 2016இல் நீதிமன்றம் அந்த மதிப்பெண்ணைத் தான்தோன்றித்தனமானது என்று சொல்லி ரத்து செய்தது. அதற்கு முந்தைய வருஷமே அந்த மாநிலத்தில் ஐந்தில் ஒரு குழந்தையைப் பெற்றோர் தேர்வு எழுதவிடவில்லை.

பொதுப் பாடத்தரத்துக்கும் இதே கதிதான். பரிசுக்காக மாநிலங்கள் வேகவேகமாகக் கையெழுத்திட்டன. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, பெற்றோருக்கு விளக்கம் இல்லை. 2014இல் இண்டியானாவும் ஓக்லஹோமாவும் வெளியேறின. அந்தப் பாடத்தரத்தில் நல்ல விஷயங்கள் இருந்தன, எனக்கே என் மகளின் கணக்குப் பாடம் பிடித்திருந்தது. ஆனால் காசுக்காக ஏற்றுக்கொண்டதை, காசு தீர்ந்ததும் காப்பாற்ற ஆள் இருக்காது. 2015 டிசம்பரில் வந்த புதிய கல்விச் சட்டம், பாடத்தரம், ஆசிரியர் மதிப்பீடு இரண்டிலும் மாநிலங்களை நிர்ப்பந்திக்க ஒன்றிய அமைச்சருக்கு இருந்த வழியையே அடைத்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட சட்டம். 2016இல் கல்வித் துறையே செய்வித்த ஆய்வு, இந்தப் போட்டியால் மாணவர் கற்றல் உயர்ந்ததா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்தது.

இதை முதலிலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். 2010 ஜூலையில், என்.ஏ.ஏ.சி.பி., நேஷனல் அர்பன் லீக் உள்ளிட்ட கறுப்பின உரிமை அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. போட்டிப் பணம் போனால் அது சில மாநிலத்து ஏழைக் குழந்தைகளுக்குத்தான் போகும், மற்ற மாநிலத்து ஏழைக் குழந்தை என்ன செய்யும் என்பது அவர்கள் வாதம். ஒபாமா அர்பன் லீக் மாநாட்டுக்கே போய்த் தன் திட்டத்துக்காகப் பேசினார். முடிவு வந்தபோது பட்டியலைப் பாருங்கள்: இரண்டு சுற்றிலும் ஜெயித்தவற்றில் ஹவாயைத் தவிர அத்தனையும் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே. மேற்கே குழந்தைகள் இல்லாமலா இருந்தார்கள்?

அக்கா மகளுக்கான பதில்

சரி, இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன்.

2010 ஜனவரியில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி இந்தப் போட்டிக்கு வரவே மாட்டோம் என்றார். எங்கள் பாடத்தை வாஷிங்டன் தீர்மானிக்க வேண்டாம் என்றார். அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது, அது வேறு. டெக்சாஸ் இழந்தது என்ன? ஜெயித்திருந்தால் 70 கோடி டாலர் வரை கிடைத்திருக்கலாம், அது இல்லை. ஆனால் ஏழைக் குழந்தைகளுக்காக 1965 முதல் சூத்திரப்படி வரும் 'டைட்டில் ஒன்' பணம் டெக்சாஸுக்கு வந்துகொண்டே இருந்தது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணமும் வந்துகொண்டே இருந்தது. பந்தயத்தில் ஓட மறுத்தவனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவன் வீட்டு அரிசியை யாரும் நிறுத்தவில்லை.

அமெரிக்காவும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தது உண்டு. ஆசிரியர் மதிப்பீட்டில் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கவில்லை என்று 2014இல் வாஷிங்டன் மாநிலத்துக்குக் கொடுத்திருந்த விதிவிலக்கை டங்கன் திரும்பப் பெற்றார். சுமார் 4 கோடி டாலரைப் பள்ளி மாவட்டங்கள் தங்கள் விருப்பப்படி செலவிடும் சுதந்திரம் போயிற்று. அப்போதும் பணமே நிற்கவில்லை. அதற்கே அங்கே அவ்வளவு கோபம்.

இங்கே என்ன நடந்தது? 2022 செப்டம்பரில் பி.எம். ஸ்ரீ திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. நாடு முழுக்க 14,500க்கும் மேற்பட்ட பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக ஆக்க 27,360 கோடி ரூபாய். பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது 'சேலஞ்ச் முறை', அதாவது போட்டி. ஆனால் போட்டிக்கு முன்னால் மாநிலம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்று. தமிழ்நாடு 2024 மார்ச்சில் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லிக் கடிதம் எழுதியது, ஜூலையில் கல்விக் கொள்கை வரியை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. கொடுத்த வாக்கிலிருந்து மாநிலம் பின்வாங்கியது, சமக்ர சிக்ஷாவும் இதே கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டம்தான் என்பது ஒன்றிய அரசின் வாதம். அந்த வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து, சில நாளில் நிறுத்தி வைத்தது.

இந்த அளவுக்கு இது ரேஸ் டு தி டாப்தான். சேராத மாநிலத்துக்கு முன்மாதிரிப் பள்ளி இல்லை என்றால், சரி, அது ஓர் அரசியல் முடிவு, விலையும் தெரியும். ஆனால் நின்றது அந்தப் பணம் மட்டுமில்லை. நின்றது சமக்ர சிக்ஷா பணம், 2,151.59 கோடி ரூபாய். எல்லா மாநிலத்துக்கும், எல்லா அரசுப் பள்ளிக்குமான பணம். 2025 மே மாதம் தமிழ்நாடு அதை வட்டியோடு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகளில் 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான கல்வி உரிமைச் சட்டப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சொன்னது. நியூ ஜெர்சி நீதிமன்றத்தின் குரல் எனக்கு அதில் கேட்டது.

தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா, மூன்று மொழி வேண்டுமா என்று இந்த அத்தியாயத்தில் நான் பேசவில்லை. அது தனியாகப் பேச வேண்டியது. நான் சொல்வது அதைவிட எளிமையானது. அரசாங்கத்திடம் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று பரிசு, இன்னொன்று பங்கு. பரிசுக்குப் போட்டி வைக்கலாம். அதிலேயே எவ்வளவு கோணல் வரும் என்று அமெரிக்காவில் பார்த்தோம். ஆனால் பங்கு என்பது குழந்தையின் சோறு. அதை எடுத்துப் பரிசு மேஜையில் வைத்தால், எந்தக் கொள்கைக்காக வைத்தாலும், எந்தக் கட்சி வைத்தாலும் தப்பு. நாளைக்கு ஒரு மாநில அரசு தன் சொந்த உள்ளாட்சிப் பள்ளிகளிடம் இதையே செய்தாலும் தப்புதான்.

இதைத்தான் மறுநாள் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, தான் வாராவாரம் போகும் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது வயசுப் பெண் குழந்தை, மூளை முடக்குவாதம். ஆறு மாசமாகக் கரண்டியைத் தானே பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். "நான் ரெண்டு வாரம் போகலைன்னா கை மறுபடியும் இறுகிடும் சித்தி. அந்தப் பாப்பாகிட்ட நான் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுறது?"

என்னிடம் பதில் இல்லை. நூலகத்தில் நின்ற அந்தப் பையனிடமும் அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த நிதி எதற்கெல்லாம் போகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். மூன்று நிமிஷம் பேசினாலும் போதும். எங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, உங்களுக்கு இங்கே இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.